கடகடத்தது பெல்ட் அல்ல

ரப்பர் கீச்சிடும். கிரீச்சென்று அலறும். தளர்ந்துபோனால் பக்கத்து மூடியில் பட்டுப் படபடவென்று அடிக்கும். கடகடவென்று உதற மட்டும் அதனால் முடியாது. அந்தச் சத்தம் வர வேண்டுமானால் இரும்பு எங்கோ இரும்போடு மோத வேண்டும். காரின் முன்பக்கம் கடகடக்கிறது என்று சொன்னதும் 'பெல்ட்டை மாற்றுங்கள்' என்று யாராவது சொன்னால், இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். நான் அதைக் கேட்கக் கற்றுக்கொண்ட கதை இது.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், வராகர் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. அம்மா நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் தனியாக இருக்கிறார். அதனால் எங்களுடைய சிறிய டீசல் கார் எனக்கு ஆடம்பரமில்லை. கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர் ஊராகத் தாண்டி அம்மாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற வண்டி அது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவில் போன் வந்தால் அடுத்த கால்மணி நேரத்தில் நான் சாலையில் இருப்பேன்.

ஆனாலும் பானெட்டைத் திறக்க எனக்குப் பயம். தெரியாது என்று வெளியே சொல்வேன். உள்ளே இருந்தது பயம்தான். தொட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்பதைவிட, கேள்வி கேட்டால் என் அறியாமை தெரிந்துவிடுமே என்கிற பயம். வொர்க்‌ஷாப்புக்குப் போகும்போது பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு போவேன். மெக்கானிக்குகள் வண்டி ஓட்டுகிற என்னை விட்டுவிட்டு, ஓட்டவே தெரியாத அவனைப் பார்த்துப் பேசுவார்கள். அது எனக்குக் கோபம் தந்ததில்லை, ஆறுதலாக இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பொறுக்காது. அதே நான் வண்டி விஷயத்தில் பல வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

துலாவர்ஷ மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் சத்தம் ஆரம்பித்தது. மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து வண்டிகள் காலையில் கொஞ்சம் கீச்சிடுவது வழக்கம்தான். கடல் தொலைவில் இல்லை, காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும் இருக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியின் புல்லிகளில் மெல்லிய துருப் படியும், முதல் சுற்றுகளில் பெல்ட் அதைத் துடைத்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும். இது அப்படி அடங்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது கடகடத்தது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் மறைந்தது. ஏசி போட்டால் அதிகமாயிற்று. எஞ்சினை அணைக்கும்போது கடைசியாக இரண்டு உதறல் உதறி நின்றது.

கணவருக்கு வாட்ஸாப்பில் அழைத்து, திறந்த பானெட்டுக்கு மேல் போனைப் பிடித்தேன். "ஒன்றும் கேட்கவில்லையே, வண்டி ஓடுகிறதா?" என்று கேட்டார். பேச்சுக்குரலைத் தெளிவாக அனுப்புவதற்காக, பின்னணியில் விடாமல் கேட்கும் ஓசையை இரைச்சல் என்று போன் வடிகட்டிவிடுகிறது. நமக்கு வேண்டியதே அந்த இரைச்சல். தூரத்தில் இருப்பவருக்குச் சத்தத்தைக் கேட்கவைக்க வேண்டுமென்றால் வீடியோவாகப் பதிவு செய்து அனுப்புங்கள். எஞ்சின் அணையும் கடைசி நொடிவரை பதிவு செய்யுங்கள், அதில்தான் துப்பு இருக்கும்.

ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். சத்தத்தை ஓரிரு நிமிடம் கேட்டார்கள். பெல்ட், டென்ஷனர், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் என்று நான்கையும் எழுதி எஸ்டிமேட் நீட்டினார்கள். "எல்லாம் மாற்றிட்டா நிம்மதி மேடம்." நான்கில் எது கடகடக்கிறது என்று அந்தத் தாளில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பெட்ரோல் பங்க்கில் ஒருவர் பெல்ட்டில் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னார், இன்னொருவர் சோப்பைத் தேய்க்கச் சொன்னார். இரண்டும் வேண்டாம். சத்தத்தைச் சில நாள் மறைக்கும், பெல்ட்டில் அழுக்கை ஒட்டவைக்கும், நோய் அப்படியே இருக்கும்.

கமலேஸ்வரம் பக்கம் சிறிய வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கடைசியில் போனேன். களியக்காவிளைக்காரர். எல்லோருக்கும் அவர் ஆசான். இந்த முறை அண்ணன் மகனைக் கூட்டிப்போகவில்லை.

"டீச்சரே, மொதல்ல துப்பட்டாவ இறுக்கிக் கெட்டுங்க. வளையலக் கழத்துங்க" என்றார். ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் தொங்குகிற துணி எதுவும் கூடாது. சேலைத் தலைப்பும் வேட்டி நுனியும் அவிழ்ந்த கூந்தலும் இதில் ஒன்றுதான். ரேடியேட்டர் விசிறி எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலத் தொடங்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

பிறகு விளக்கினார். எஞ்சினின் அடியில் இருக்கும் கிராங்க் புல்லிதான் எல்லாவற்றையும் சுற்றுகிறது. அதிலிருந்து ஒரே பெல்ட் வளைந்து வளைந்து ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் மூன்றையும் ஓட்டுகிறது. நடுவில் ஸ்ப்ரிங் வைத்த டென்ஷனர் பெல்ட்டை எப்போதும் இறுக்கமாக வைத்திருக்கிறது. அம்பாசடர் காலத்தில் இது ஃபேன் பெல்ட். ஆப்பு வடிவில் தடித்த ஒற்றைப் பட்டை. விசிறியையும் டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் ஓட்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம்போல அமுங்க வேண்டும் என்பது கணக்கு. தொலைதூரம் போகும் டிரைவர்கள் டிக்கியில் ஒன்றை உபரியாக வைத்திருப்பார்கள். அந்த ஆப்புப் பெல்ட்டை ரப்பரில் முதலில் செய்தவர் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ், 1917இல். நம் பக்கத்தில் பெல்ட் என்றால் பலருக்கு மதுரை கோச்சடையின் ஃபென்னர் ஞாபகம் வரும். இப்போது கார்களில் வருவது தட்டையான பட்டை, உட்புறம் நீளவாக்கில் வரிகள். அதன் முதுகில் 6பிகே 1200 என்பதுபோல அச்சிட்டிருக்கும். 6 வரி, 1200 மில்லிமீட்டர் நீளம். வாங்கும்போது இந்த எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெடிப்பு விட்டிருக்கிறதா என்று நான் பெல்ட்டைப் பார்த்தேன். இல்லை. அதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றார் ஆசான். பழைய நியோப்ரீன் பெல்ட் வயதானால் குறுக்கே வெடிக்கும். இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் அவ்வளவு எளிதில் வெடிக்காது, தேயும். வரிகளுக்கு நடுவே பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும், பார்வைக்கு நல்ல பெல்ட்டாகவே இருக்கும்.

கீச்சொலியாக இருந்திருந்தால் தண்ணீர் சோதனை போதும். ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் பாட்டிலால் சிறிது தண்ணீர் தெளிப்பார்கள். சத்தம் சில நொடி அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் இறுக்கம் போதாமல் வழுக்குகிறது. எங்களுடையது கடகடப்பு, தண்ணீருக்கு அதில் வேலையில்லை.

"டென்ஷனரப் பாருங்க" என்று டார்ச் அடித்தார். டென்ஷனரின் கை லேசாக நடுங்கினால் சரி. அது மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு குதிப்பிலும் தன் தடுப்பில் போய் இடித்தது. மோதும் இரும்பு அதுதான்! "கண்டுபிடித்துவிட்டோம்" என்றேன் நான். "சத்தம் அங்க கேக்குது. ஏன் குதிக்குதுன்னு இன்னும் தெரியல்லியே" என்றார்.

எஞ்சினை அணைத்துவிட்டு, டென்ஷனரை ஸ்பானரால் திருப்பிப் பெல்ட்டைக் கழற்றினார். பெல்ட் இல்லாமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெல்ட் இல்லையென்றால் வாட்டர் பம்ப் சுற்றாது, எஞ்சினுக்குக் குளிர்ச்சி இல்லை. அதனால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பேட்டரி விளக்கு எரியும், எரியட்டும். ஸ்டார்ட் செய்தேன். கடகடப்பு இல்லை. டீசல் எஞ்சினின் சீரான உறுமல் மட்டும். இந்த அரை நிமிடச் சோதனையை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பெல்ட்டைக் கழற்றிய பிறகும் சத்தம் இருந்தால் கோளாறு எஞ்சினுக்குள்ளே, டைமிங் செயின் போன்ற பெரிய இடங்களில் தேட வேண்டும். சத்தம் போய்விட்டால் பெல்ட் சுற்றுகிற சாமான்களில் ஒன்றில்தான் இருக்கிறது. இதற்குக் கருவியும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

எஞ்சினை நிறுத்தி ஒவ்வொரு புல்லியையும் என் கையாலேயே சுற்றவைத்தார். வாட்டர் பம்ப் ஆட்டமில்லாமல் சுற்றியது. கம்ப்ரஸர் புல்லியில் கரகரப்பு இல்லை. நல்ல பேரிங்கில் கிரீஸின் மெல்லிய பிடிப்பு விரலுக்குத் தெரியும். கிரீஸ் வற்றிய பேரிங் சர்ரென்று நெடுநேரம் சுழலும், அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஆல்டர்னேட்டரில் வந்து நிறுத்தினார். அதன் கூட்டில் உள்ள இடுக்கு வழியே உள்ளிருக்கும் ரோட்டரைப் பார்த்தபடி புல்லியை இரு பக்கமும் திருப்பச் சொன்னார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ரோட்டரும் கூடவே திரும்பியது.

"ஒரு பக்கம் கூட வரணும், மறு பக்கம் வரப்புடாது" என்றார்.

எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிபொருள் வெடித்துத் தள்ளுகிறது. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 1,600 தள்ளல். ஒவ்வொரு தள்ளலிலும் கிராங்க் முந்தும், உடனே பிந்தும். டீசலில் இந்த உதைப்பு இன்னும் பலம். ஆல்டர்னேட்டர் ரோட்டரோ கனமானது, கிராங்கைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றுவது. நினைத்த நொடியில் வேகம் குறையாது. கிராங்க் பிந்தும்போதெல்லாம் ரோட்டர் பெல்ட்டை முன்னே இழுக்கும். இந்த இழுபறியைத் தவிர்க்கவே பல டீசல் கார்களில் ஆல்டர்னேட்டர் புல்லிக்குள் ஒருவழி கிளட்ச் வைக்கிறார்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் ஓடுகிறதல்லவா, அதே வேலை. அந்த கிளட்ச் இறுகிவிட்டால் ரோட்டரின் இழுப்பு முழுவதும் பெல்ட்டுக்கு வந்து, பெல்ட் டென்ஷனரைக் குதிக்கவைக்கும். வேகம் கூடினால் தள்ளல்கள் நெருங்கி உதறல் குறையும். மிதித்ததும் சத்தம் மறைந்த காரணம் அதுதான்.

ஆக, சர்வீஸ் சென்டர் எழுதிய நான்கில் டென்ஷனர் உண்மையிலேயே போயிருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதைக் கொன்ற புல்லி அந்தத் தாளில் தனியாக இல்லை, முழு ஆல்டர்னேட்டர் என்றுதான் இருந்தது. கம்ப்ரஸர் நலமாக இருந்தது. டென்ஷனரை மட்டும் மாற்றியிருந்தால், இறுகிய புல்லி புதியதையும் அடித்துக் கெடுத்திருக்கும். புல்லி, டென்ஷனர், கூடவே தேய்மானம் கண்ட பெல்ட், இவ்வளவுதான் மாற்றினோம். எஸ்டிமேட் தொகையில் சிறு பகுதியில் வேலை முடிந்தது. ஆல்டர்னேட்டரும் கம்ப்ரஸரும் இன்றும் பழையவைதான்.

இதில் பணம் மட்டும் விஷயமில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் டென்ஷனர் உடைந்து பெல்ட் கழன்றிருக்கும். சில எஞ்சின்களில் அறுந்த பெல்ட்டின் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டையே நழுவச் செய்துவிடும். அங்கே எஞ்சின் முடிந்தது. எல்லா எஞ்சினுக்கும் அப்படி ஆகாது. ஆனால் வாட்டர் பம்ப் நின்று சூடேறுவது அந்த பெல்ட்டால் பம்ப் ஓடும் எல்லா வண்டிக்கும் நடக்கும். இரவில், அம்மாவிடம் போகிற வழியில் அது நடந்திருக்கலாம்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். வொர்க்‌ஷாப்பில் உங்களை விட்டுப் பக்கத்தில் நிற்கும் ஆணிடம் பேசினால், "வண்டி என்னுடையது, என்னிடம் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். கேள்விகள் எளியவை. எந்த இடத்திலிருந்து சத்தம் வருகிறது? பெல்ட்டைக் கழற்றி ஓட்டிப் பார்த்தீர்களா? எந்தப் புல்லி, எனக்குக் காட்டுவீர்களா? கழற்றிய பழைய சாமானைத் திரும்பத் தருவீர்களா? தெரிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெல்ட் கழன்றதன் அடையாளமாக, ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, சூடு காட்டும் முள்ளும் ஏறினால் அடுத்த வொர்க்‌ஷாப் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எந்த ஊரானாலும் அந்த இடத்திலேயே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.