ஏழு மில்லிமீட்டர்



மெக்கானிக்கல்காரன் மலருக்கு எழுதினால் 'லேத்தே, நீ என் காதலி' என்று கவிதைதான் எழுதுவான் எனக் கேலி பேசும் சிவில் நண்பர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. நான் எழுதப் போவது ஒரு பொம்மைக் காரைப் பற்றி. படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்க ஊர் சங்கரன்கோவில். அப்பா அங்கே ஒரு விசைத்தறி முதலாளியிடம் பதினேழு வருஷம் டிரைவர். ஓட்டியது காண்டெஸா. நம்மில் பலர் அதைப் பழைய படங்களில் வில்லன் வந்து இறங்கும் வண்டியாகத்தான் பார்த்திருப்போம். இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் என்ற 1972ஆம் வருஷத்துக் காரின் வழிவந்தது அது. அதை வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை விற்றது. நீண்ட பானெட், நீண்ட டிக்கி, பின்சக்கர ஓட்டம். அதனால்தான் அதை 'இந்திய மஸில் கார்' என்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தமாஷ். 1964இல் அமெரிக்காவில் வந்த போன்டியாக் ஜிடிஓவின் இன்ஜின் 6.4 லிட்டர். முதலில் வந்த காண்டெஸாவுக்கோ அம்பாசடரின் அதே 1.5 லிட்டர்! பிறகுதான் 1.8 லிட்டர் இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. அப்பா ஓட்டியது இசுசு. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

போன வருஷம் ஆடித்தபசுக் கடையில் ஒரு பிளாஸ்டிக் காண்டெஸா கிடைத்தது. பெட்டியில் '1:24' என்று போட்டிருந்தது. முதலாளி வீட்டு ஷெட்டில் தூங்கும் நிஜ வண்டியைத் தீபாவளிக்குள் காயலான் கடைக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்ன அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. 'இதையாவது அச்சு அசலா ஆக்கி அப்பாகிட்ட கொடுப்போம்' என்று வாங்கி வந்தேன்.

முதல் வாரம் முழுக்க அலங்காரம்தான். சாக்லேட் தாளை ஒட்டிப் பம்பருக்கு நிக்கல் பளபளப்பு, அதே வெள்ளை பெயின்ட், அதே நம்பர் பிளேட், கண்ணாடியில் குட்டிப் பூமாலை. அப்பா கையில் வாங்கி ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குடே. ஆனா நம்ம வண்டி இல்ல. தலை தூக்கிக்கிட்டு நிக்கி."

தலை என்றால் கூரை! சரி, கூரையை இறக்கிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன். நான் போனில் எடுத்திருந்த படமும் அப்படித்தான் சொன்னது. நல்லவேளை, வெட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம் வந்தது. கிட்ட நின்று எடுத்த படத்தில் பக்கத்தில் இருப்பது பெருத்தும் தள்ளி இருப்பது சிறுத்தும் தெரியும். அதை நம்பி வெட்டலாமா?

மறுநாள் டேப்பும் தூக்குக் குண்டும் எடுத்துக்கொண்டு அப்பாவுடன் ஷெட்டுக்குப் போனேன். கூரை உயரம், கதவுக் கண்ணாடி உயரம் இரண்டையும் அளந்து 24ஆல் வகுத்தேன். பொம்மையில் இரண்டும் சரி! பிறகு முன்சக்கர மையத்திலும் பின்சக்கர மையத்திலும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறித்து, நடுத்தூரத்தை அளந்தோம். முதல் தடவை 2664 மில்லிமீட்டர். அடுத்து 2670. அடுத்து 2669. சராசரி 2668க்குக் கொஞ்சம் குறைவு. விக்டரின் அளவு 105 அங்குலம், அதாவது 2667. 24ஆல் வகுத்தால் 111.1.

பொம்மையில் வெர்னியரை வைத்தேன். 104!

ஏழு மில்லிமீட்டர் குறைவு. நிஜ வண்டியில் அது 17 சென்டிமீட்டர். கூரை உயரவில்லை நண்பர்களே, உடம்புதான் குறுகியிருந்தது. அதனால் சரியான கூரையும் தூக்கலாகத் தெரிந்திருக்கிறது. குறை இருக்கிறது என்று அப்பாவின் கண் சொன்னது. எங்கே இருக்கிறது என்று டேப்தான் சொன்னது.

அந்த மூன்று ரீடிங்கைப் பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் உறைத்தது. லேப்பில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு ரீடிங் எடுப்போம், மீதி இரண்டை அதன் பக்கத்திலேயே அடித்துவிடுவோம். என் ரெக்கார்டில் மூன்றும் எப்போதும் அண்ணன் தம்பி போல ஒட்டியே நிற்கும். நிஜமாக அளந்தால் அப்படியா வருகிறது?

பொம்மையை இரண்டு இடத்தில் அறுத்தேன். முன்சக்கரத்துக்கும் முன்கதவுக்கும் நடுவில் 3, பின்கதவில் 4 சேர்க்க வேண்டும். ஐஸ்கிரீம் டப்பா மூடியைக் கீற்றாக வெட்டி நடுவில் வைத்து ஒட்டி, எம்சீல் பூசி, தண்ணி பேப்பர் போட்டுத் தேய்த்தேன். அடித்தட்டையும் அப்படியே நீட்டினேன். ஆசையோடு அளந்தால் 109.3!

ஹாக்ஸா பிளேடு தின்ற கனத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. ஃபிட்டிங் வகுப்பில் சார் தொண்டை வற்றச் சொன்னதுதான். நான் அப்போது ஜன்னல் வழியே கேன்டீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி பதினோரு மணி. எம்சீல் கல்லாக இறுகிவிட்டது. 'ஒண்ணே முக்கால் மில்லிமீட்டர்தானே, யாருக்குத் தெரியப் போவுது?' என்று மனசு சொன்னது. ரெக்கார்டு எழுதும்போது சொல்லுமே, அதே குரல்தான்! அதை நம்பிப் படுத்தும்விட்டேன். தூக்கம் வரவில்லை. எழுந்து இரண்டு ஒட்டையும் மறுபடி அறுத்தேன். இந்தத் தடவை பிளேடின் கனத்தையும் சேர்த்துக் கீற்று வெட்டினேன். இறுகியபின் வெர்னியர் காட்டியது 111.0. பத்தில் ஒரு பங்கு குறை. இருக்கட்டும். அது நிஜமான குறை.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனது. அப்பா தெருமுனை வரை கூடவே நடந்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் பொம்மையை அவர் முன் வைத்தேன். எங்கே வெட்டினேன், எவ்வளவு சேர்த்தேன் என்று எதுவும் சொல்லவில்லை. திண்ணையில் வைத்து, கீழே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏலே, இப்ப ஏறி ஸ்டார்ட் பண்ணலாம் போலருக்கே" என்றார்.

அந்த வண்டி இப்போது எங்கள் வீட்டு டிவி மேல் நிற்கிறது. அம்மாகூடத் தூசி தட்டக் கூடாது, அப்பாதான் தட்டுவார்.

இந்த செமஸ்டர் லேப்பில் என் மூன்று ரீடிங்கும் மூன்று திசையில் நிற்கின்றன. சார் கூப்பிட்டு, "என்னடா இது, ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லையே?" என்று கேட்டார்.

"சார், அளந்தேன் சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தோழர்களே, நீங்களும் ஒரு தடவை அளந்துதான் பாருங்களேன்!