கிரௌன் என்னும் பட்டம்

கைப்பேசியில் நால்வர் ஓரணியாகச் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் ‘ரேங்க்’ எனப்படும் தரவரிசை ஒன்று உண்டு. நைனார்பாளையத்துச் சிறுவர் அச்சொல்லை உச்சரிக்கும் பயபக்தியை நாம் மறைக்கல்வி வகுப்பிலும் கண்டதில்லை! அப்பட்டம் எதனை அளக்கிறதென்று அவர்களிடமே பாடங் கேட்டோம்.

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதும், 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற புதுப்பெயரோடு வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம், கிரௌன், ஏஸ் எனப் படிகள், உச்சியில் கான்குவரர். ஒரு பருவம் முடிந்ததும் சில படிகள் கீழே தள்ளிவிடுவார்கள். மீண்டும் ஏற வேண்டும். எவ்வளவு நேரம் சாகாதிருந்தான், எத்தனை பேரை வீழ்த்தினான் என்பவையே பெரும்பாலும் புள்ளியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, தோழர் மூவர் வெளியே மடிய, வீட்டு மூலையில் பதுங்கியிருப்பவனும் படியேறலாம். விழுந்த தோழனைத் தூக்கி நிறுத்தச் செல்பவனோ சில நொடிகள் சுட இயலாமல் அவனருகே நிற்க வேண்டும். பல வேளை அவனும் அங்கேயே சுடப்படுகிறான்.

ஆட்டத் திறமையை எண்ணாக்கும் முறையால் புகழ்பெற்றவர் அர்பாத் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயேசு சபையினரின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் அம்முறையை ஏற்றது. சதுரங்கத்தில் ஒருவர்க்கு எதிரே ஒருவர். வென்றவர் யாரென்பதில் ஐயமில்லை. நால்வர் சேர்ந்து வென்றால் எவன் பங்கு எவ்வளவு?

எதிரணியாக ஆட்களே இல்லாத ஆட்டமும் உண்டு. டென்மார்க் நாட்டார் ஆக்கிய ‘டீப் ராக் கேலக்டிக்’ என்பதில் நான்கு குள்ளர் சுரங்கத்தில் இறங்கி, கூடி உழைத்து, கூடி மேலே வருவர். எவ்வேடம் பூண்டாலும், மூன்று நிலை ஏறினால் தரவரிசையில் ஓர் எண் கூடும். பெரும்பாலும் எத்தனை காலம் ஆடினான் என்பதன் கணக்கே அது. அந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

“எம் மவன் கிரௌனாம், சாமி. அதுக்கு ஏதாச்சும் சர்டிபிகேட் தருவாங்களா?” என்று தாய் ஒருவர் வினவினார். “நெடுநேரம் ஆடுகிறான் என்பதற்கு அதுவே சர்டிபிகேட், அம்மா” என்றோம். “அது எனக்கே தெரியுமே!” என்று சிரித்தார். பின்னர்தான் கவலையைச் சொன்னார்: பருவம் முடிவதற்குள் ஏஸ் ஆக வேண்டுமென்று பையன் நள்ளிரவு கடந்தும் உறங்குவதில்லையாம்.

நம் மனம் வருந்துவது வேறொருவனுக்காக. பத்தாம் வகுப்புப் பையன், அக்காளின் கைப்பேசி, நாளுக்கு அரை மணி. ஆகவே இன்னும் வெள்ளி. கோயில் படியில் கூடும் மூவர் அவனை விடுத்து, முகமறியாத எவனையோ நான்காமவனாகச் சேர்த்துக்கொள்வர். முன்பு ஆடிய நாட்களில், விழுந்தவனைத் தூக்க முதலில் ஓடியவன் இவனே என்று அவர்களே ஒப்புக்கொண்டனர். “பின் ஏன்?” என்றோம். “அவன் வந்தா எங்க ரேங்க் இறங்கிடும், சாமி.”

சென்ற சனிக்கிழமை அம்மூவரில் ஒருவன் பள்ளி விடுதிக்குப் போய்விட்டான். ஆள் குறையவே இவனை அழைத்தனர். மறையுரை எழுத அமர்ந்த நமக்குப் படியிலிருந்து ஒரே கூக்குரல்: “டேய், நான் விழுந்துட்டேன், வாடா!” ஒவ்வொரு முறையும் அவர்கள் கூவியது அவன் பெயரைத்தான்.