திலக் நகரில் எழுந்த செஞ்சி

தமிழகத்திலிருந்து ரயிலேறி மும்பைக்கு வரும் நம்மவர் பலர் முதலில் கால் வைப்பது லோகமான்ய திலக் முனையத்தில். அதனருகே, செம்பூரில், அப்பெரியாரின் பெயரையே தாங்கி நிற்கிறது திலக் நகர். பழைய வீட்டு வாரியக் கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, அண்ணாந்து பார்க்க வேண்டிய மாடிகள் அங்கு எழுந்துவிட்டன. மண் தரையைக் காண்பதே அரிதாகி வருகிறது. ஆயினும் தீபாவளி நெருங்கினால் போதும், எங்கிருந்தோ மண் கொண்டுவந்து சிறுவர்கள் கோட்டை கட்டத் தொடங்கிவிடுகின்றனர்.

இது மராட்டியச் சகோதரர்களின் பழைய வழக்கம். கல்லையும் சாக்கையும் அடுக்கி, மேலே சேறு பூசி, கடுகு தூவி முளைக்க வைத்தால் பசுமலை ஒன்று உருவாகிவிடும். உச்சியில் சத்திரபதி சிவாஜி வீற்றிருப்பார். சரிவெங்கும் மாவளா எனப்படும் காலாட்படை வீரர்களின் சிறு மண் பொம்மைகள் காவல் நிற்கும்.

2025-ஆம் ஆண்டு, கொலுவைக் கலைத்துப் பெட்டியில் அடுக்கிய சில நாட்களில், நம் பேரன் வாடிய முகத்துடன் வந்தான். "தாத்தா, அவர்கள் ராய்கட் கட்டுகிறார்கள். என்னைத் தண்ணீர் மட்டும் சுமக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் கோட்டையே கிடையாதா?" என்று கேட்டான்.

நமக்குச் சுருக்கென்றது. அவ்வாண்டு ஜூலையில்தான் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றிருந்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது, நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி! தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்த நாம், அதே கோட்டையைச் சிவாஜி 1677-இல் கைப்பற்றினார் என்பதையும், அவர் மைந்தர் ராஜாராம் 1689-இல் அங்கே அடைக்கலம் புகுந்தார் என்பதையும் பேரனுக்குச் சொன்னதே இல்லை. மொகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698-இல்தான் அதைப் பிடித்தது. அதற்குள் ராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார்.

பேரனை அழைத்துக்கொண்டு கடைவீதிக்குச் சென்று, விரல் நீள மாவளா ஒன்றை வாங்கி வந்தோம். கடைப் பொம்மைகளெல்லாம் ஒரே காவி, ஒரே பளபளப்பு, ஒரே மீசை. அக்காலத்துக் காலாட்களுக்கோ ஒரே மாதிரியான சீருடை கிடையாது. ஆகவே நம் வீரனுக்கு வேறு கோலம் புனைய எண்ணினோம்.

முதலில் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பைப் போக்கினோம். பின்னர் அக்ரிலிக் வர்ணத்தை நீர்விட்டு இளக்கி, மெல்லிய பூச்சாக இருமுறை பூசினோம்: உடைக்கு மங்கிய வெள்ளை, தலைப்பாகைக்குச் செங்காவி, கேடயத்துக்குத் தோலின் கருமை. அது விரைவில் உலர்ந்துவிடும். முகத்துக்கும் உடையின் மடிப்புகளுக்கும் எண்ணெய் வர்ணமே ஏற்றது. அது உலர நாட்கள் பிடிப்பதால், நிழலும் ஒளியும் கலக்கும் இடத்தை நிதானமாகக் குழைத்துக் கொள்ளலாம். குழாயிலிருந்து பிதுக்கிய வர்ணத்தைச் சிறிது நேரம் அட்டையின் மேல் விட்டுவைத்தால் மிகுந்த எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பளபளப்பும் குறையும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வர்ணம் நிற்கும், எண்ணெய் வர்ணத்தின் மேல் அக்ரிலிக் ஒட்டாது. கண்ணைக் கடைசியில் பேரனே, மூச்சை அடக்கிக்கொண்டு, ஊசிமுனைத் தூரிகையால் திறந்தான்.

மறுநாள் வீரனை அட்டைப் பெட்டியில் ஏந்தி முற்றத்துக்குச் சென்றோம். செஞ்சியின் கதையை நமக்குத் தெரிந்த மராட்டியில் கூறினோம். "ராஜாராம் மகாராஜ் உங்கள் ஊரிலா இருந்தார்?" என்று சிறுவர்கள் வியந்தனர். மூத்தவனுக்கோ ராய்கட்டை விட மனமில்லை. நெடுநேரம் வாதாடினர். இறுதியில், கட்டிய மலை ராய்கட்டாகவே இருக்கட்டும், பக்கத்தில் செஞ்சியையும் எழுப்புவோம் என்று முடிவாயிற்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளைக் குவித்து, அவற்றை இணைத்து மதில் வளைத்தான் நம் பேரன். தண்ணீர் சுமந்து வந்தவன் அந்த மூத்த பையன்!

ராஜகிரியின் உச்சியில் வீரனை நிறுத்தும் ஆவலில் அவன் பொம்மையை அழுத்திப் பிடித்துவிட்டான். முகத்தின் வர்ணம் இன்னும் உலரவில்லை. கன்னத்தில் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. பேரன் கலங்கி நம்மைப் பார்த்தான். மற்றவனும் தலைகுனிந்தான். "இருக்கட்டும், போர்க்களத்துத் தழும்பு" என்றோம். இருவரும் சிரித்துவிட்டனர்.

அன்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சியில் இறங்கிப் பிள்ளைகளுக்கு அக்கோட்டையைக் காட்டுங்கள். பிறந்த ஊரும் பிழைக்க வந்த ஊரும் முன்பே ஒன்றையொன்று அறிந்தவை என்பதை அவர்கள் கண்ணாரக் காணட்டும். நம் வீரன் இப்போது கொலுப் பெட்டியில் உறங்குகிறான். அவன் கன்னத்து ரேகையை நாம் அழிக்கவில்லை.