எலதெத்தவில் நால்வர் குடியிருந்த வீடு

கண்டியிலிருந்து கொழும்பு வீதி வழியே பஸ் வண்டியிற் செல்வோருக்குப் பேராதனை வரையிற் கண்ணுக்கு ஓய்வே இராது. ஒரு புறம் மகாவலி கங்கை. மறுபுறம் பூந்தோட்டத்து நெடுமரங்கள். அப்பால் அந்தானை மலைச்சாரலில் பல்கலைக்கழகக் கட்டடங்கள். பிலிமத்தலாவையில் இறங்கித் தென்புறமாகத் திரும்பினால் உடுநுவரைப் பகுதி வருகின்றது. கடலாதெனிய விகாரை, இலங்காதிலக விகாரை, மரத்தூண் சிற்பங்களுக்குப் பேர்போன எம்பெக்கைத் தேவாலயம் ஆகிய மூன்றையும் ஒரே நாளிற் பார்த்துவிட்டு மாலையிற் கண்டிக்குத் திரும்பிவிடலாம். 1344ஆம் ஆண்டிற் கடலாதெனியவைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி என்பதையும், இலங்காதிலகத்துப் பாறையிற் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டிருப்பதையும் நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

ஆயினும் நாம் சென்றது அக்கோயில்களை நாடியன்று. அதே உடுநுவரையில் எலதெத்த என்றொரு சிற்றூர் உண்டு. வயலும், கமுகும், கித்துள் மரமும், வேலிக்குள் அடங்கிய வீட்டுத் தோட்டமுமாகக் கண்டி நாட்டின் எந்தச் சிற்றூருக்கும் உரிய தோற்றமே அதற்கும் உரியது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு வீடு இருந்தது. அதனைக் காணலாம் என்று எண்ணிச் செல்வோர்க்கு ஏமாற்றந்தான். எனினும் அவ்வீட்டில் வாழ்ந்தோர் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை நூலில் நிலைத்துவிட்டது. பலர் ஒரு கூரையின் கீழ் வாழ நேரும்போது வகுத்துக்கொள்ள வேண்டிய விதிகள் எவை என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று நாம் கண்டதில்லை.

அந்நூலை எழுதியவர் றொபேட் நொக்ஸ். 1659ஆம் ஆண்டின் இறுதியிலே மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கண்டியை அப்போது ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். 1660 ஏப்ரலில் அவனுடைய ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகனான நொக்ஸையும், மேலும் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுசென்றனர். மறுவருடம் தந்தை காய்ச்சலால் இறந்தார். மகனுக்கு அப்போது வயது இருபது அளவே. சிறைக்கூடம் என்று ஒன்றும் இல்லை. கைதிகள் வெவ்வேறு ஊர்களில் வைக்கப்பட்டனர்; உணவளிப்பது ஊரார் கடமை. மலையும் காடும், வழிகளில் நின்ற காவலுமே மதிலாயின. இவ்வாறு பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. விடுதலையில் நம்பிக்கையிழந்த பலர் இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே குடிகளாயினர்.

நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். ஆடும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து அறுவடையின்போது ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கினார். (வட்டி சற்று அதிகந்தான், ஆனால் அதுவே அந்நாளைய ஊர் வழக்கம் என்கிறார்.) சேர்த்த பொருளில் இருபத்தைந்து லாரின், அதாவது வளைந்த வெள்ளிக் கம்பி நாணயங்கள், கொடுத்து எலதெத்தவில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அங்கே அவரோடு வந்து தங்கியவர் மூவர்: ரோஜர் கோல்ட், றால்ப் நைற், ஸ்டீபன் றட்லண்ட். நால்வரும் மணமாகாதவர்கள்.

அவர்கள் செய்த உடன்படிக்கை மிகச் சுருக்கமானது. அவ்வீட்டில் மணமாகாதவர் மட்டுமே வசித்தல் வேண்டும். இதற்கு உடன்படாது மணம் புரிபவர் வெளியேறிவிடல் வேண்டும். வெளியேறுபவருக்கு வீட்டிலும் நிலத்திலும் இருந்த உரிமை அற்றுப்போகும். இதற்கு நொக்ஸ் கூறும் காரணம், பெண்கள் இடையே வந்தாற் பிணக்கு உண்டாகும் என்பது. நம் பெண் வாசகர்கள் இதைப் படித்து முகஞ்சுளிப்பார்கள், சுளிப்பது நியாயமே. பெண்ணொருத்தியும் இல்லாமலே நான்கு ஆடவர் எத்தனை பிணக்குகளை விளைவிக்க வல்லவர் என்பதை அறியாதவர் யார்? எம் கருத்தில் அவ்விதியின் உயிர் அதன் பிற்பாதியிலேதான் இருக்கின்றது. ஒருவன் பிரிந்து போக நேர்ந்தால் என்ன செய்வது என்பதை, எவனும் பிரிந்து போகும் எண்ணம் கொள்வதற்கு முன்னரே பேசி முடித்துவிட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. வீடு அயல் இல்லாது தனித்து நின்றமையால், மூவர் வெளியே அலுவல் பார்க்கச் செல்ல ஒருவர் முறைவைத்து வீட்டில் நின்றார். இரண்டு ஆண்டுகள் தமக்குள் ஒரு கடுஞ்சொல்லும் எழவில்லை என்று நொக்ஸ் எழுதுகின்றார். பின்னர் இருவர் தனிவாழ்க்கையைத் தாங்கமாட்டாது மணம் புரிந்தனர், உடன்படிக்கையின்படி வெளியேறினர். நொக்ஸும் றட்லண்டும் மட்டும் எஞ்சினர்.

ஓர் எல்லை முன்னரே பேசி உறுதி செய்யப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அதே நூலிற் சான்று உண்டு. கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியவும் உன்னஸ்கிரியவும் கடந்து, பதினெட்டு வளைவு வீதியால் மகியங்கனைக்கு இறங்கினால் வேடர் வாழ்ந்த நாடு தொடங்குகின்றது. வேடர்கள் காட்டைத் தமக்குள் எல்லையிட்டுப் பங்கிட்டிருந்தார்கள். ஒரு கூட்டத்தார் அடுத்த கூட்டத்தாரின் பங்கில் வேட்டையாடவோ, தேன் எடுக்கவோ, கனி பறிக்கவோ கூடாது. எல்லையருகே ஒரு பலாமரம் நின்றது. ஒருவன் அதிலே பழம் பறித்தான். அயற்கூட்டத்தான் கண்டு, "அம்மரம் எங்களுடையது" என்றான். வாய்ச்சண்டை கைச்சண்டையாயிற்று, ஓர் அம்பு பாய்ந்தது, பிறகு இருபுறமும் ஆட்கள் திரண்டனர். இருபது முப்பது பேர் அவ்விடத்திலேயே மாண்டனர் என்கிறார் நொக்ஸ். அவர் பிறர் சொல்லக் கேட்டதை எழுதியவராகலின் எண்ணிக்கையில் மிகையிருக்கலாம். ஆயினும் காடு முழுவதற்கும் எல்லை வகுத்தவர்கள், எல்லையில் நின்ற ஒரு மரத்தை யாருக்கு என்று சொல்ல மறந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

அவ்வேடர்களே மற்றொரு பொருளில் எத்துணை ஒழுங்கு காத்தனர் என்பதையும் கூறவேண்டும். அம்பு முனை தேவையானால் இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய ஓர் இலையையும், கூலிக்கு முற்பணமாக இறைச்சியையும் தொங்கவிட்டுச் செல்வார்களாம். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இருளிலிருந்து அம்பு வரும்! 1911ஆம் ஆண்டில் வேடரைப் பற்றி நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், ஒரே பாறைக்குகையிற் பல குடும்பங்கள் தங்கியபோதும் இடையே தட்டி ஒன்றும் இல்லாமலே ஒவ்வொரு குடும்பமும் தன் பகுதியோடு நின்றுகொண்டதைக் குறிப்பிட்டிருக்கின்றனர். 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசிய வனம் அமைக்கப்பட்டபோது, தம்பானை வேடர்களின் வேட்டைக்காடு அதற்குள் அடங்கிப்போயிற்று. அவர்கள் வகுத்த எல்லைகளுக்கு அதன் பின்னர் மதிப்பில்லாமற் போனது வருந்தத்தக்கதே.

வேடர் குகையிலிருந்து மாணவர் போடிங்குக்கு வருவது நெடுந்தூரம் அன்று. பேராதனையைச் சூழ வீடெடுத்துத் தங்கும் பிள்ளைகள் அடுப்பும், கிணறும், திறப்பும் பொதுவாக வைத்துக்கொண்டே வாழ்கின்றனர். எமது மாணவப் பருவத்தில் நாமும் வேறு மூவரும் கண்டியில் ஒரு மலைச்சரிவு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். யார் சமைப்பது, யார் தண்ணீர் அள்ளுவது, இரவில் விளக்கு எத்தனை மணிக்கு அணைப்பது என்றெல்லாம் ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். பதினேழு விதிகள் இருந்ததாக நினைவு. பாதி ஆண்டில் ஒருவனுக்கு ஊரிலே ஆசிரிய நியமனம் கிடைத்தது. "மச்சான், முற்பணத்தில் என் பங்கைத் தந்துவிடுங்கள்" என்றான். "மீதி மாதங்களின் வாடகையை யார் கட்டுவது?" என்றோம் நாம். இரண்டு கேள்வியும் நியாயமானவையே. பதினேழு விதிகளில் ஒன்றும் இதற்கு விடை கூறவில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பின்னர் ஒரே பஸ்ஸில் ஏற நேர்ந்தபோதும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே இருந்தோம். அவன் காலமானான் என்று செய்தி வந்த நாளில், அந்த முற்பணம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தோம். தொகை நினைவுக்கு வரவில்லை.

எலதெத்த வீட்டின் முடிவைச் சொல்லவில்லையே! நொக்ஸும் றட்லண்டும் கத்தியும் சிறு பண்டங்களும் விற்கும் வியாபாரிகள் போல வடக்கு நோக்கிப் பலமுறை சென்று வழி பார்த்து வந்தார்கள். 1679ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் அவ்வாறே புறப்பட்டவர்கள் பின்னர் திரும்பவில்லை. அநுராதபுரத்துக் காடுகளைக் கடந்து, அக்டோபர் 18ஆம் நாள் மன்னாரை அடுத்த அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். நொக்ஸின் நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று.

நிலமும் வீடும் யாருக்குப் போயின? நொக்ஸின் தோழர் ஒருவருக்கும் இந்நாட்டுப் பெண்ணொருத்திக்கும் பிறந்த லூசியா என்னும் சிறுமியை அவர் தம் பிள்ளையாக வளர்த்து வந்தார். இங்கிலாந்து சென்ற பின், இலங்கையில் எஞ்சியிருந்த தோழர்களுக்குக் கடிதம் எழுதி, எலதெத்தவை அவளுக்கே உரிமையாக்கினார். பெண்கள் நுழையலாகாது என்று விதித்த வீட்டுக்கு இறுதியில் ஒரு பெண்பிள்ளையே உரியவளானாள்.