உள்ளிருந்து திறந்த வழி



இவ்வாரச் சிந்தனைக்கு ஒரு ஜெர்மன் இசைநாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். புளியந்தோப்பில் ஊழியம் செய்கிற ஒரு போதகனுக்கும் ஓபராவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கதையை அறிந்தால் அந்தக் கேள்வி எழாது. அது நம் தேசத்தில், கோவாவில், கணவனை இழந்த ஒரு பெண்ணைச் சுற்றி நடக்கிறது.

நாடகத்தின் பெயர் ‘யெஸ்ஸோண்டா’. இயற்றியவர் லூயி ஸ்போர் (1784–1859). அவர் தம் காலத்தின் பெரிய வயலின் மேதை. வயலினில் தாடையைத் தாங்குகிற சிறு கட்டையை உருவாக்கிய பெருமை அவருக்கே உரியது. நம் பாடகர் குழுவின் வயலினிலும் நீங்கள் அதைக் காணலாம். ‘மலபாரின் விதவை’ என்ற 1770ஆம் ஆண்டின் பிரெஞ்சு நாடகத்தைத் தழுவிய இந்தப் படைப்பு, 1823 ஜூலை 28 அன்று காசெல் நகரில் அரங்கேறியது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் இதை விரும்பிக் கேட்டனர். பின்னர் ஆர்வம் குறைந்தது. ஐரோப்பிய வீரன் ஒருவன் இந்தியப் பெண்ணை நேசிப்பதைப் பொறுக்காத நாஜி ஆட்சி இதைத் தடைசெய்தது. பிறகு அரிதாகவே மேடை கண்ட இந்த நாடகத்தை, 1990இல் ஹாம்பர்க் நகரில் கெர்ட் ஆல்பிரெக்ட் நடத்திய ஒலிப்பதிவின் வழியாகவே நான் கேட்டேன்.

திரை விலகும்போது அரசன் இறந்து கிடக்கிறான். கூட்டம் பாடி அழுகிறது. சாவு வீட்டில் விடிய விடியக் கானா கேட்டு வளர்ந்த நம் பகுதியினருக்கு இந்தத் தொடக்கம் அந்நியமாகத் தோன்றாது. மொழி புரியாவிட்டாலும் ஒப்பாரி புரியும்.

அந்த அரசனின் இளம் மனைவி யெஸ்ஸோண்டா அவனோடு எரிக்கப்பட வேண்டும் என்பது வழக்கம். தலைமைக் குரு டாண்டாவ் அதை நிறைவேற்றத் துடிக்கிறார். குர்ட் மோல் தம் ஆழ்ந்த கீழ்க்குரலில் டாண்டாவைப் பாடும்போது, அதில் கோபமே இல்லை. விதியை வாசிக்கிறவரின் அமைதி மட்டுமே இருக்கிறது. கொடுமை பல வேளைகளில் இப்படித்தான், உரத்துக் கத்தாமல் வருகிறது.

சாவுச் செய்தியை அவளிடம் சொல்ல நடோரி என்னும் இளம் குரு அனுப்பப்படுகிறான். பெண்களின் முகத்தை நோக்காதபடி வளர்க்கப்பட்டவன் அவன். அங்கே யெஸ்ஸோண்டாவையும் அவள் தங்கை அமாசிலியையும் காண்கிறான். அவர்களுடைய கண்ணீரைக் காண்கிறான். தீர்ப்பைச் சொல்ல வந்தவன், காப்பாற்றுவதாக வாக்களித்துத் திரும்புகிறான். தாமஸ் மோசரின் குரலில் அந்த மாற்றத்தைத் தெளிவாகக் கேட்கலாம்.

நகருக்கு வெளியே போர்ச்சுகீசியத் தளபதி டிரிஸ்டன் பாளயமிறங்கியிருக்கிறான். யெஸ்ஸோண்டா முன்னொரு காலத்தில் நேசித்தவன் அவனே. இவ்விருவரையும் பாடுகிற யூலியா வராடியும் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவும் வாழ்க்கையிலும் கணவன் மனைவியாக இருந்தவர்கள். அறுபத்தைந்து வயதில் ஃபிஷர்-டீஸ்காவின் குரலில் இளமையின் பளபளப்பு குறைந்திருக்கிறது. ஆயினும் இழந்தவளைத் திரும்பக் கண்டவனின் நடுக்கம் அதில் உண்மையாக ஒலிக்கிறது. ஆனால் டிரிஸ்டன் போர்நிறுத்த ஆணைக்குக் கட்டுப்பட்டவன். படையிருந்தும் கைகட்டி நிற்கிறான்.

இறுதியில் டாண்டாவின் ஆட்களே போர்த்துகீசியக் கப்பல்களுக்குத் தீ வைத்து உடன்படிக்கையை மீறுகிறார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்து, கோயிலுக்குள் செல்லும் இரகசிய வழியையும் காட்டுகிறவன் நடோரி. மேடையில் வெற்றி தளபதிக்கு உரியதாகத் தோன்றுகிறது. ஆயினும் அந்தக் குரு வழிகாட்டாதிருந்தால் அவள் சாம்பலாகியிருப்பாள்.

இந்த நாடகத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. இருளெல்லாம் இந்தியாவில், ஒளியெல்லாம் ஐரோப்பாவில் என்று அது காட்டுகிறது. அதே கோவாவில் 1560 முதல் கிறிஸ்துவின் பெயரால் சமய விசாரணை மன்றம் மனிதரை வதைத்ததை நாம் மறைக்கக்கூடாது. காசெலில் இந்தக் கற்பனை அரங்கேறுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1818இல், ராஜா ராம் மோகன் ராய் உடன்கட்டைக்கு எதிராக வங்காளத்தில் நூல் வெளியிட்டிருந்தார். உள்ளிருந்து வழி திறந்த மெய்யான மனிதர் அவர். 1829 டிசம்பர் 4 அன்று சட்டம் வந்தது. மறு ஆண்டு சென்னை மாகாணத்திலும் அது நடைமுறையானது. வங்க மொழியில் பெயர்க்கும்படி அந்த ஆணை செராம்பூரில் வில்லியம் கேரியிடம் ஓர் ஓய்வுநாளில் வந்து சேர்ந்தது. அவர் பிரசங்க பீடத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் அதை முடித்தார். ஒரு நாள் தாமதித்தால் எத்தனை பெண்கள் எரிவார்களோ என்பதே அவர் கவலை. அன்றைய ஆராதனை அந்த மேசையிலேயே நடந்தது என்பேன்.

பிரியமானவர்களே, இன்று சிதை இல்லை. ஆனால் கணவனின் சாவை மனைவியின் குற்றமாக எண்ணும் மனம் நம்மை விட்டுப் போய்விட்டதா? காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்று, தனியொருத்தியாக மகளை வளர்த்த ஒரு தாயை அறிவேன். அடுத்த மாதம் அந்த மகளுக்குத் திருமணம். தாலியை ஆசீர்வதிக்கும் வேளையில் சித்தப்பாவும் சித்தியும் முன்னே நிற்கட்டும், தாய் பின்வரிசையில் இருக்கட்டும் என்று உறவினர் என்னிடம் வந்தார்கள். வேதம் வாசிக்கிற, உபவாசமிருக்கிற குடும்பங்கள்தாம். அந்தத் தாயும், “நான் ஓரமா நின்னுக்கிறேன் பாஸ்டரய்யா, பொண்ணு நல்லா இருந்தா அதுவே போதும்” என்றார். நெருப்பில்லாமலும் ஒரு பெண்ணை எரிக்க முடியும்.

தாலித் தட்டை நீங்களே ஏந்தி வர மனமுண்டா என்று அவரிடம் கேட்டேன். இரண்டு நாள் ஜெபித்துவிட்டு, “வரேன்” என்றார். அப்படியானால் நாங்கள் வரமாட்டோம் என்று இரண்டு வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கான நாற்காலிகளும் போடப்படும்.

நாயீன் ஊர் வாசலில் நம் ஆண்டவர் செய்ததை லூக்கா 7ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். அந்த விதவை எதுவும் கேட்கவில்லை. அவர் முதலில் அவளைக் கண்டார், மனதுருகினார், பின்பே பாடையைத் தொட்டார். தீட்டைக் குறித்த சட்டங்களை அறியாதவரல்லர் அவர்.

உங்கள் வீட்டு விசேஷத்தில் பின்வரிசையில் நிற்பவர் யார்? அத்தையோ, அண்ணியோ, பெற்ற தாயோ, ஒரு முறை அவர் முகத்தை நோக்குங்கள். வெளியிலிருந்து எந்தச் சட்டமும் வந்து திறக்க முடியாத வாசல்கள் நம் வீடுகளில் உண்டு. அவற்றின் வழியை அறிந்தவர்கள் நாமே.

ஜெபிப்போம்: ஆண்டவரே, வழக்கத்தின் பெயரால் நாங்கள் காண மறுத்த முகங்களை எங்களுக்குக் காட்டும். கண்ட பின் சும்மா இருக்க விடாதேயும். ஆமென்.