ஆளுக்கொரு கார்

போன வருஷம்... இல்லை, தேதியோடயே சொல்லிடறேன். 2025 மே 25, மெமோரியல் டே லீவு. வட கரோலினா சார்லட் பக்கத்துல கான்கார்ட்ல நடந்த கோகோ-கோலா 600 ரேஸுக்கு எங்க வகுப்புல எட்டு பேர் கிளம்பினோம். ஏற்பாடு பூரா என் தலையில. என்னைத் தவிர யாரும் நாஸ்கார் பார்த்ததே இல்லை.

ஒன்றரை மைல் ஓவல்ல 400 சுத்து. கிட்டத்தட்ட 965 கிலோமீட்டர். டிக்கெட், புளிசாதம், காதுக்குப் பஞ்சு எல்லாம் சுலபம். புதுசா வர்றவங்களை நாலு மணி நேரத்துக்கு மேல உக்கார வைக்கணுமே! கார் நம்பரை எல்லாம் சீட்டுல எழுதிக் குலுக்கினேன். ஆளுக்கொரு கார்.

ஒருத்தனுக்கு ராஸ் சாஸ்டெயினோட 1-ஆம் நம்பர். முந்தின நாள் பயிற்சியில கார் நொறுங்கி, மாத்துக் காரோட 40-ஆவதா, கடைசியில நின்னார். "வேற சீட்டு குடுடா"ன்னு புலம்பினான். முடியாதுன்னுட்டேன்.

பாதி ரேஸ்ல எல்லா காரையும் நிறுத்தி, எஞ்சினை அணைச்சு மௌன அஞ்சலி. ஒவ்வொரு காரோட முன்கண்ணாடியிலும் உயிர்விட்ட ஒரு ராணுவ வீரர் பேர். கத்திட்டிருந்த நம்ம ஆளுங்க அவங்கவங்க கார்ல இருந்த பேரைத் தேடினாங்க. ஒருத்தியோட அண்ணன் அப்போ காஷ்மீர் எல்லையில டியூட்டி. அங்க சண்டை ஓய்ஞ்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. எஞ்சின் திரும்ப உறுமின பிறகும் அவ பேசலை. நாங்களும் கேக்கலை.

6 சுத்து பாக்கி இருக்கும்போது சாஸ்டெயின் முந்தி, ஜெயிச்சும் காட்டினார். புலம்பினவனுக்கு ரெண்டு நாள் தொண்டை கட்டிக்கிச்சு.

மக்களே, ரேஸுக்கு யாரையாவது கூட்டிட்டுப் போனா விதியெல்லாம் விளக்கிட்டு இருக்காதீங்க. ஆளுக்கொரு கார் குடுங்க, போதும்.