இப்போது வேண்டாம்

மலேசியாவில், செனாயில் சின்னதாக ஒரு போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். 1999-இல் தொடங்கியது. ஐசி நகல், பாரம் நிரப்புவது, கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், இறப்பு அறிவிப்பு எல்லாம் உண்டு. விமானம் தாழப் பறக்கும்போது வாடிக்கையாளர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

இந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு நான் செய்த தப்பு, பிரவுசரைப் புதுப்பிக்காமல் விட்டது. கேட்டால் சிரிப்பீர்கள். நானும் பல வருஷம் அதை ஒரு தப்பாக நினைக்கவில்லை. ஜாக்கிரதை என்று பெயர் வைத்திருந்தேன்.

கடை தொடங்கிய காலத்தில் கணினியில் தமிழ் படிப்பது லேசான காரியமில்லை. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருக்கும். ஒன்றை இறக்கினால் இன்னொன்று கட்டம் கட்டமாகத் தெரியும். திஸ்கி என்பார்கள், டாப் என்பார்கள், டாம் என்பார்கள். நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிவிட்டார். ஆனாலும் அதை வாங்கி, வீட்டுக் கணினியில் ஏற்றி, பிரவுசரில் எந்த இடத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று காட்டித்தர ஓர் ஆள் வேண்டுமே. இந்த வட்டாரத்தில் அந்த ஆள் நான். கூலாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் கூப்பிடுவார்கள். “ஃபான்ட் அண்ணன்” என்று பெயரே விழுந்தது. போன வீட்டில் பசியாறாமல் விடமாட்டார்கள். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு யூனிகோட் பரவியது. அதிலும் எனக்குக் கொஞ்ச காலம் வேலை இருந்தது. ஃபயர்பாக்ஸ் 2 இருந்தபோது, இரண்டு ஓரமும் சீராக வரும்படி அமைத்த பத்திகளில் தமிழ் உடைந்துபோகும். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘செ’ என்று எழுதும்போது கணினி முதலில் ச-வை வைத்துக்கொள்கிறது, அதற்குப் பிறகுதான் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் போட வேண்டியது பிரவுசரின் வேலை. ஃபயர்பாக்ஸ் 2 அந்தப் பத்திகளில் அதைச் செய்யாது. ச தனியாக நிற்கும், அதன் பின்னால் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு கொம்பு நிற்கும், கடைசியில் ய் தன் புள்ளியைக் கீழே போட்டுவிட்டு நிற்கும். வாடிக்கையாளர்கள் “அண்ணே, செனாய் நொண்டுது” என்று வருவார்கள். எழுத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிக் காட்டுவேன். வித்தை காட்டுகிறவன் மாதிரி.

2008 ஜூன் 17-இல் ஃபயர்பாக்ஸ் 3 வந்தது. முதல் 24 மணி நேரத்தில் 8,002,530 தடவை இறக்கப்பட்டதாகக் கின்னஸில் ஏறியது. அந்தக் கணக்கில் நான் இல்லை. என் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) ஓடாமல் போய்விடும், கொஞ்சம் பொறுப்போம் என்று எட்டு மாதம் தள்ளினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றிப் பார்த்தால், செனாய் ஒழுங்காக நின்றது. கொம்பு முன்னால், புள்ளி மேலே. ஐந்து நிமிட வேலை. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு வெறுமை. இனி யாரும் நோட்பேடுக்காக வரப்போவதில்லை.

2017-இல் அதே கதை, இன்னும் மோசமாக. அந்த ஆண்டு நவம்பர் 14-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளை மொத்தமாகக் கைவிட்டது. உள்கட்டமைப்பையே மாற்றி வேகத்தைக் கூட்டினார்கள். அதற்குக் கொடுத்த விலை அது. நான் வைத்திருந்த பத்மா என்ற நீட்சி, பழைய எழுத்துருவில் இருக்கும் பக்கங்களைப் படிக்கும்போதே யூனிகோடாக மாற்றிக் காட்டும். அதை இழக்க மனமில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் அந்தப் பழைய பக்கங்களைத் தேடி யாரும் என் கடைக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் 52-ஆம் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போட்டுக்கொண்டு, அமைப்புக்குள் போய், ‘புதுப்பிப்புகளை ஒருபோதும் தேடாதே’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கத்திலேயே, இது பரிந்துரைக்கப்படவில்லை, பாதுகாப்புக்கு ஆபத்து என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். 2018-இல் அந்தப் பதிப்புக்கான ஆதரவும் முடிந்தது.

குரோம் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது நினைவகத்தைத் தின்கிறது என்று அழித்துவிட்டிருந்தேன். என் வங்கியின் பக்கம் ஒரு கட்டத்தில் கடைக் கணினியில் திறக்க மறுத்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பணத்தை மட்டும் ஃபோனில் பார்த்துக்கொண்டேன். மற்றவர்களின் பாரங்களை அதே பழைய பிரவுசரில் நிரப்பினேன், ஒரு பாரத்துக்கு ஐந்து ரிங்கிட் வாங்கிக்கொண்டு.

2022-இல் ஒரு பிற்பகல். எங்கள் தாமானில் இருக்கும் ஒரு பெண்பிள்ளை, எஸ்பிஎம் முடித்தவள், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வந்தாள். எந்த இடம் என்பது வேண்டாம். அவர்கள் மேல் குற்றமில்லை. விண்ணப்பம் அன்று மாலை 5 மணிக்கு முடிகிறது. சான்றிதழ்களை வருடி ஏற்ற வேண்டும் என்பதால் அவள் அம்மா என்னிடம் அனுப்பியிருந்தார். மூன்றரைக்குத் தொடங்கினோம். பக்கம் அழகாகத் திறந்தது. எல்லாவற்றையும் நிரப்பினோம். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பத்து தடவை இருக்கும்.

“சர்வர் ஜேம்மா” என்றேன்.

“அங்கிள், என் ஃபோன்ல ஒரு தடவ பாக்கட்டா?”

“ஃபோன்லயெல்லாம் சரியா வராது. பாரம் தப்பாப் போயிடும்.”

“இன்னைக்குத்தான் அங்கிள் கடைசி நாளு.”

“கடைசி நாளுன்னா எல்லாரும் ஏறுவாங்க. அவங்களே தேதியத் தள்ளுவாங்க, பயப்படாதே.”

இருபது வருஷமாக நான் சொன்னதை அந்தக் குடும்பம் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டாள். நாலேகாலுக்குப் போனாள். காசு வாங்கவில்லை, அதில் ஒரு பெருந்தன்மை வேறு.

அவள் போனபின் பிரவுசரின் பிழைப் பலகையைத் திறந்தேன். சிவப்பில் ஒரு வரி. சிண்டாக்ஸ் எரர். பக்கத்தின் நிரலில் ஓரிடத்தில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்து ?. என்று இருந்தது. அது புதிதாக வந்த குறியீடு. ஃபயர்பாக்ஸுக்கு அது புரியத் தொடங்கியது 2020-இல் வந்த 74-ஆம் பதிப்பில். என்னுடையது 52. புரியாத ஒரே ஒரு குறி இருந்தாலும் பிரவுசர் அந்த நிரல் கோப்பு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். படமும் நிறமும் அப்படியே இருக்கும். பொத்தான் மட்டும் செத்திருக்கும். சர்வர் நன்றாகத்தான் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி 4.25. அவள் அம்மாவின் எண் என் ஃபோனில் இருந்தது. “ஃபோனிலேயே அனுப்பச் சொல்லுங்க, என் மிஷின்தான் பழசு” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஃபோனைக் கையில் எடுத்தேன். அந்த நேரத்தில் ஒரு சீனப் பெரியவர் ஐசி நகல் எடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும், ஒரே தாளில், கோணாமல். பிறகு சில்லறை எண்ணினேன். பிறகு தாள் தட்டை நிரப்பினேன், அது பாதிக்கு மேல் இருந்தும். மணி ஐந்தானது.

தேதியைத் தள்ளவில்லை.

அந்தப் பிள்ளை செனாய் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கடையைத் திறக்கும்போது தொழிற்சாலை பஸ்ஸுக்காக எதிரே நிற்பாள். “குட் மார்னிங் அங்கிள்” என்பாள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்து, இடம் கிடைத்துப் போய்விட்டாள். அந்தத் தடவை தன் ஃபோனிலேயே அனுப்பினாள். அந்தத் தீபாவளிக்கு அவள் அம்மா ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்தார். “நீங்கதான் எப்பவும் உதவி பண்றீங்க” என்றார். வாங்கிக்கொண்டேன். சாப்பிடவும் சாப்பிட்டேன்.

பிரவுசரைப் புதுப்பித்துவிட்டேன். பத்மா போய்விட்டது. கணினி விண்டோஸ் 7 என்பதால் ஃபயர்பாக்ஸ் 115-க்கு மேல் ஏறாது. வேறு கணினி வாங்கக் காசு சேர்க்கிறேன். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. இதை அவர்கள் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்வார்கள். நேரில் சொல்லத் தைரியமில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

என் கடைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. பொத்தான் வேலை செய்யாமல், நான் சர்வர் மேல் பழி போட்டால், நம்பிவிட்டுப் போகாதீர்கள். அங்கேயே நின்று உங்கள் ஃபோனில் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.